சேவ் செய்ததும் வட்டில் ஏறியதும்

ஒரு கோப்பை சேவ் செய்கிறோம். திரையில் சுழலும் வட்டம் நிற்கிறது. இனி அது ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறோம். அந்த நொடியில் அது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. லினக்ஸ் கணினியின் வழக்கமான அமைப்பில், எழுதச் சொன்ன தகவல் 30 வினாடி வரை நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். 5 வினாடிக்கு ஒருமுறை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் விழித்துப் பார்த்து, கெடு தாண்டியவற்றை வட்டுக்கு அனுப்பும். விண்டோஸ் இன்னும் சுறுசுறுப்பு: வினாடிக்கு ஒருமுறை நிலுவையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை எழுதத் தொடங்கும். ‘இப்போதே வட்டில் ஏற்று’ என்று நிரல் தானாக வற்புறுத்திக் கேட்டால்தான் இந்தக் காத்திருப்பு இல்லை. அப்படிக் கேட்காதபோது, இயங்குதளம் அனுப்பிய பிறகும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. வட்டுக்குள்ளேயே ஒரு தற்காலிக நினைவகம் உண்டு. அதையும் கடந்துதான் காந்தத் தட்டுக்கோ ஃப்ளாஷ் சில்லுக்கோ தகவல் போய்ச் சேரும்.

இந்தத் தாமதத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி போதும். சுழலும் ஹார்ட் டிஸ்கின் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க 10 மில்லி வினாடி போல ஆகும். இரண்டுக்கும் இடையே லட்சம் மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் உடனுக்குடன் வட்டில் ஏற்றிக்கொண்டிருந்தால் கணினி நகரவே நகராது. அதனால் இயங்குதளம் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதுகிறது. சேர்த்து வைக்கும் இடமோ மின்சாரம் இல்லாமல் நிற்காதது. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் நின்ற பிறகும் சில வினாடிகள் அந்த மின்னூட்டத்தின் தடம் மிஞ்சியிருப்பதை 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில்லைக் குளிரவைத்தால் அந்த நேரம் இன்னும் நீளும். கடவுச்சாவிகளைத் திருட வருபவருக்கு அது போதும். பாதி எழுதிய ஆய்வேட்டைத் தேடும் மாணவருக்கு அதனால் பயனில்லை.

ஆகவே அவசரத்தில் கணினியை நிறுத்துவது என்றால் இந்த நிலுவையைச் சரியான வரிசையில் தீர்ப்பது. அதற்கு நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது, கெட்டுப்போயிருப்பது எது என்பதைப் பொறுத்தது. திரை உறைந்து நிற்கிறதா, நேரம் தாராளமாக இருக்கிறது. கரண்ட் போய் யுபிஎஸ் கத்துகிறதா, சில நிமிடங்கள் உண்டு. லேப்டாப் மேல் காபி கொட்டிவிட்டதா, நேரமே இல்லை. நான் பார்த்தவரை பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரை உறைந்தால் அரை நிமிடத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள். தண்ணீர் கொட்டினால் எல்லாவற்றையும் சேவ் செய்து, ஷட் டவுன் கொடுத்து, அது முடியும்வரை காத்திருக்கிறார்கள்.

திரை உறைவதை ‘சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது’ என்கிறோம். ஆனால் ஹேங் ஆனது யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு நிரல்தான் சிக்கியிருக்கும். சில நேரம் படம் வரையும் பகுதி மட்டும் செத்திருக்கும், பின்னால் கெர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று கொள்ளலாம். வட்டு விளக்கு விடாமல் மினுங்கினால், நினைவகம் நிரம்பிப்போய் இயங்குதளம் வட்டைத் துணைக்கு அழைத்துத் திண்டாடிக்கொண்டிருக்கும். சில நிமிடம் பொறுத்தால் தானே மீண்டு வரும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், சிக்கிய நிரலை மட்டும் நிறுத்தலாம். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போகலாம். அல்லது வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து முறைப்படி நிறுத்தலாம்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் அடுத்தது பவர் பட்டன். அதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. 1990-களின் கணினிகளில் அந்த ஸ்விட்ச் மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்தது. அதனால்தான் விண்டோஸ் 95, தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, இனி அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்ற தரவரையறை இதை மாற்றியது. இப்போது பட்டனை ஒருமுறை தட்டினால் மின்சாரம் நிற்காது, இயங்குதளத்துக்கு ஒரு செய்தி போகும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் அது முறையான ஷட் டவுனைத் தொடங்கிவைக்கும். திரை கறுத்திருந்தாலும் கெர்னல் உயிரோடு இருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே தட்டிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். 4 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் வன்பொருள் இயங்குதளத்தைக் கேட்காமலே மின்சாரத்தை நிறுத்தும். சில லேப்டாப்களில் இது 10 வினாடி வரை போகும்.

ஒரு தட்டுக்கும் அந்த 4 வினாடிக்கும் நடுவில் லினக்ஸில் இன்னொரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைப்பாடுகளில் அது ஒன்று. ஐபிஎம் 1984-இல் தன் ஏடி கணினியின் விசைப்பலகையில் சிஸ்ரெக் என்ற விசையைச் சேர்த்தது. நிரல்கள் எதுவும் இடைமறிக்க முடியாதபடி இயங்குதளத்தோடு நேரடியாகப் பேச ஒரு விசை வேண்டும் என்பது எண்ணம். அதை எந்த நிரலும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பிரிண்ட் ஸ்கிரீன் விசையின் மேல் ஒட்டிக்கொண்டு பெயரளவில் அது பிழைத்திருந்தது. 1997-இல் செக் நாட்டு நிரலாளர் மார்ட்டின் மாரெஷ், லினக்ஸ் கெர்னலுக்குள் அதற்கு உயிர் கொடுத்தார். ஆல்ட், சிஸ்ரெக் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தை அழுத்தினால், அந்தக் கட்டளை வரைகலைத் திரையையோ நிரல்களையோ தொடாமல் நேராகக் கெர்னலுக்குப் போகும்.

அவசர நிறுத்தத்துக்கான எழுத்து வரிசை: ஆர், இ, ஐ, எஸ், யு, பி. லினக்ஸ் பழகியவர்கள் இதை ‘ரைசப்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம் புரிந்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது. ஆர், உறைந்துபோன வரைகலைத் திரையிடமிருந்து விசைப்பலகையைப் பறித்துக் கெர்னலின் கையில் கொடுக்கிறது. இ, முதல் நிரலான இனிட் தவிர மற்ற எல்லா நிரல்களுக்கும் ‘முடித்துக்கொள்’ என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. இது கொலை இல்லை, வேண்டுகோள். தரவுத்தளங்கள் கணக்கை மூடும், விம் போன்ற எடிட்டர்கள் சேவ் செய்யாத வரிகளைத் தம் மீட்புக் கோப்பில் எழுதிவைக்கும். அதனால் இ அழுத்திய பின் பத்துப் பதினைந்து வினாடி சும்மா இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஐ, வேண்டுகோளுக்குச் செவிசாய்க்காத நிரல்களை வலுக்கட்டாயமாக நிறுத்துகிறது. இப்போது புதிதாக எழுதுபவர் யாரும் இல்லை, நினைவகத்தில் உள்ள நிலுவை இனி வளராது. அப்போதுதான் எஸ்: அந்த நிலுவை முழுவதையும் வட்டில் எழுதச் சொல்கிறது. யு, எல்லாக் கோப்பு முறைமைகளையும் படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாற்றுகிறது. இதன் பிறகு தவறியும் எதுவும் வட்டைத் தொட முடியாது. கடைசியில் பி, அந்தக் கணமே கணினியை மறுதொடக்கம் செய்கிறது. பி எதையும் எழுதிக்கொண்டு நிற்காது, முன்னே சொன்ன ஐந்தும் நடந்திருந்தால்தான் அது பாதுகாப்பு. அணைக்கத்தான் வேண்டும் என்றால் பி-க்குப் பதில் ஓ.

இந்த வசதி எல்லா லினக்ஸிலும் முழுதாகத் திறந்திருப்பதில்லை. விசைப்பலகைக்கு அருகில் வருகிற எவரும் நிரல்களைக் கொல்ல முடிவது பொதுக் கணினிகளில் ஆபத்து. உபுண்டுவின் இயல்பான அமைப்பு 176 என்ற எண். அது 16, 32, 128 மூன்றின் கூட்டு: எழுதச் சொல்வது, படிக்க மட்டும் ஆக்குவது, மறுதொடக்கம் செய்வது. ஆக எஸ், யு, பி மூன்றும் வேலை செய்யும், ஆர், இ, ஐ செய்யா. தகவலைக் காப்பாற்ற அந்த மூன்றே பெரும்பாலும் போதும். விண்டோஸிலும் இதற்கு ஓரளவு இணையான ஒன்று மறைந்திருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி வரும் திரையில், கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு பவர் சின்னத்தைச் சொடுக்கினால் அவசர மறுதொடக்கம் என்ற வழி திறக்கும். சேவ் செய்யாதவை போய்விடும் என்று அது எச்சரிக்கும். 4 வினாடி அழுத்திப் பிடிப்பதற்கு ஒரு படி முன்னால் வைத்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் தட்டச்சு பழகும் முதல் வாரத்திலேயே கணினி வகுப்புகளில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுதாமல் இருப்பதே பாதுகாப்பாக இருக்கும் ஒரு நிலையும் உண்டு. லினக்ஸ் கெர்னல் தன் உள்நிலையையே நம்ப முடியாது என்று கண்டுகொண்டால் ‘பேனிக்’ நிலைக்குப் போகும். அப்போது திரையில் வரும் செய்தியில், வட்டுக்கு எதையும் எழுதவில்லை என்ற அறிவிப்பும் சேர்ந்தே இருக்கும். நினைவகத்தில் இருப்பது சிதைந்திருக்கக்கூடும், அதை வட்டில் ஏற்றினால் நேற்று வரை நன்றாக இருந்த கோப்பும் கெடும் என்பதால் எடுக்கப்பட்ட முடிவு அது. விண்டோஸின் நீலத்திரையும் அப்படித்தான், காரணம் தேடுவதற்கான ஒரு நகலை ஒதுக்கப்பட்ட இடத்தில் எழுதிவிட்டு மற்றதைக் கைவிடும். அரை நிமிட வேலையைத் தியாகம் செய்து பல வருட வேலையைக் காப்பது.

இவ்வளவும் தெரிந்த தலைமுறைக்கு முன்பே யுனிக்ஸ் காலத்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இயந்திரத்தை நிறுத்துமுன் சிங்க் என்ற கட்டளையை மூன்று முறை தனித்தனியாகத் தட்டச்சு செய்வார்கள். மூடநம்பிக்கை மாதிரித் தெரியும், ஆனால் அர்த்தமுள்ளது. அன்றைய சிங்க், எழுதும் வேலையை வரிசையில் போட்டுவிட்டு, அது முடியுமுன்பே திரும்பிவிடும். இரண்டாவதையும் மூன்றாவதையும் தட்டுகிற நேரத்தில் முதலாவது எழுதி முடிந்துவிடும். அதைச் செய்யாமல் அணைத்துவிட்டால், அடுத்த தொடக்கத்தில் வட்டின் ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்க்கும் சோதனை ஓடும். பிரவுசிங் சென்டர் காலத்தில் விண்டோஸ் 98 இயந்திரங்களைத் தொட்டவர்களுக்கு அந்த நீல நிற ஸ்கேன்டிஸ்க் திரை மறந்திருக்காது. வட்டு பெரிதாகப் பெரிதாக அந்தச் சோதனை மணிக்கணக்கில் நீண்டது.

அதற்குத் தீர்வு, வணிகர்கள் பல நூற்றாண்டாகக் கையாண்ட முறைதான். மளிகைக் கடையில் வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு ஆற அமரப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் எழுந்துபோக நேர்ந்தாலும், திரும்பி வந்து சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜர்னலிங் கோப்பு முறைமை இதையே செய்கிறது. கோப்பின் பெயர், அளவு, வட்டில் அது இருக்கும் இடம் ஆகியவற்றை மாற்றுமுன், என்ன மாற்றப்போகிறேன் என்று தனியாக ஒரு பகுதியில் எழுதி முடித்துவிடுகிறது. மின்சாரம் போய் வந்தால் அந்தச் சிறு பகுதியை மட்டும் படித்து, முழுமையான பதிவுகளை நிறைவேற்றுகிறது, அரைகுறைப் பதிவுகளைத் தள்ளிவிடுகிறது. சில வினாடி வேலை. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் இந்த வகை. லினக்ஸின் எக்ஸ்ட்3 2001-இல் கெர்னலோடு சேர்ந்தது.

தரவுத்தளங்களில் இந்தக் கலையை முழுமைக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த சி. மோகன். சென்னை ஐஐடியில் படித்து, கலிஃபோர்னியாவில் உள்ள ஐபிஎம்-இன் அல்மடென் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறையின் துணிச்சல் அதன் மீட்புப் பகுதியில் இருக்கிறது. இயந்திரம் மீண்டும் எழுந்ததும், பதிவேட்டைப் படித்து, விபத்துக்கு முன் நடந்த எல்லாவற்றையும், முடியாமல் நின்றவை உட்பட, அப்படியே மறுபடி நிகழ்த்துகிறது. விழுந்த கணத்தின் நிலை துல்லியமாகத் திரும்பிய பிறகே முடியாதவற்றை ஒவ்வொன்றாகப் பின்வாங்குகிறது. மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும் கணக்கு குழம்பாது. டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் போன்ற பெரும் தரவுத்தளங்கள் இந்த வழியில் நடக்கின்றன. ஒரு கணக்கில் கழித்து மறு கணக்கில் ஏற்றுவதற்குள் கரண்ட் போனாலும் பணம் நடுவழியில் மறையாமல் இருப்பது இந்த வகை ஏற்பாடுகளால்தான்.

ஆனால் வீட்டுக் கணினியின் ஜர்னல் காப்பது பெரும்பாலும் வட்டின் ஒழுங்கை. உங்கள் கடிதத்தின் உள்ளடக்கத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. 2009-இன் தொடக்கத்தில் லினக்ஸ் உலகம் இதைக் கடினமாகக் கற்றது. அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்4, வேகத்துக்காக வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுப் புதிதாக எழுதும் நிரல்கள் பல. காலி செய்தது வட்டில் பதிவாகி, புதிய உள்ளடக்கம் ஏறுமுன் கணினி விழுந்தால், மிஞ்சுவது பூஜ்ஜியம் பைட் கோப்பு. பலருடைய டெஸ்க்டாப் அமைப்புக் கோப்புகள் இப்படி வெறுமையாயின. நிரல்கள் வட்டில் ஏற்றச் சொல்லி முறையாகக் கேட்காததே பிழை என்று எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியடோர் சோ வாதிட்டார். தொழில்நுட்பப்படி அவர் சொன்னது சரி. ஆனாலும் கெர்னலின் 2.6.30 பதிப்பில், இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து உடனே எழுதும் ஏற்பாட்டை அவரே சேர்த்தார். பயனரின் பக்கம் நின்ற அந்த முடிவுதான் என் பார்வையில் பெரியது.

நல்ல நிரல்கள் இன்று புதிய உள்ளடக்கத்தை வேறொரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதை வட்டில் ஏற்றி, பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கின்றன. எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும். வேர்டின் தானியங்கி மீட்பு நகல் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. அதை 1 நிமிடம் வரை குறைத்துக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி கரண்ட். கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள், சுவரிலிருந்து மின்சாரம் நின்ற பிறகு, முழுச் சுமையில் 16 மில்லி வினாடி அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி வினாடி. அந்த இடைவெளியில் இயங்குதளத்தால் எதையும் முறையாக முடிக்க முடியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் அந்தக் கடைசி நேரத்தில் ஒரு காரியம் செய்துகொள்ளும்: இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தன் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, அதில் வரும் மின்சாரத்தால் முனையைத் தட்டின் மேலிருந்து ஒதுக்கி நிறுத்திவிடும்.

யுபிஎஸ் வாங்கித் தருவது இந்த 16 மில்லி வினாடியைச் சில நிமிடங்களாக நீட்டுவதை. அந்த நிமிடங்களில் வேலையைத் தொடரக் கூடாது. சேவ் செய்து, நிரல்களை மூடி, நிறுத்த வேண்டும். பல யுபிஎஸ்களின் பின்னால் ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் போட்டால் பேட்டரி குறையும்போது கணினி தானே முறைப்படி அணைந்துகொள்ளும். ஆளில்லாமல் இரவில் ஓடும் கணினிக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது, ஆனால் அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் வீடுகள்தான் அதிகம். 2012-இன் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் நுழையாத தெரு குறைவு. இலங்கையிலும் 2022-இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருந்தால், அதில் யுபிஎஸ் நிலை, எக்கோ நிலை என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் எக்கோ போதும், கணினிக்குப் போதாது. அந்த நிலையில் மின்சாரம் மாறும் வேகம் கணினியின் பொறுமையைத் தாண்டிவிடும், கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம்தான்.

நிறைய நிரல்களும் பக்கங்களும் திறந்திருக்க, நேரமும் குறைவாக இருந்தால் ஹைபர்னேட் நல்ல வழி. நினைவகம் முழுவதையும் வட்டில் எழுதிவிட்டு அணைவது அது. வினாடிக்கு 500 மெகாபைட் எழுதும் எஸ்எஸ்டியில் 8 ஜிபி நினைவகத்துக்கு 16 வினாடி. விண்டோஸில் இது பவர் ஆப்ஷன்ஸில் அணைந்து கிடக்கலாம், நல்ல நாளிலேயே தேடி இயக்கிவையுங்கள். ஸ்லீப் இதற்கு மாற்றாகாது. அதில் நினைவகம் மின்சாரத்தை நம்பியே உயிரோடு இருக்கிறது.

எஸ்எஸ்டி வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சுழலும் பாகம் இல்லை என்பது உண்மை. ஆனால் எந்தத் தகவல் எந்தச் சில்லில் இருக்கிறது என்ற பெரிய அட்டவணையை எஸ்எஸ்டி தனக்குள் வைத்துக்கொண்டு ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நாம் எதுவும் எழுதாதபோதும் பழைய பகுதிகளை இடம்மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால், இப்போது எழுதியது மட்டுமின்றி என்றோ எழுதியதும் பாதிக்கப்படலாம். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஹெச்பி ஆய்வகமும் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டன. 13 எஸ்எஸ்டிகள் ஏதாவது ஒரு விதத்தில் தவறின. ஒன்று தன் தகவலில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது, இன்னொன்று முற்றிலும் செத்தது. சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் அட்டவணையை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வாங்குபவற்றில் பெரும்பாலும் அது இராது.

தண்ணீர், புகை, கருகல் வாசனை ஆகியவற்றில் மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. மின்சாரம் ஓடும் சர்க்யூட் பலகையில் நீர் படிந்தால், குறுக்கிணைப்பு ஒருபுறம், மின்னழுத்தத்தால் செம்பு கரைந்து அரிப்பது மறுபுறம். ஒவ்வொரு வினாடியும் சேதம் கூடும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சுவரின் ஸ்விட்ச் போர்டில் அணைத்துவிட்டு, பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். கடைசி சில வரிகள் போகும், வட்டு பிழைக்கும். உலர்ந்ததா என்று பார்க்க ஆன் செய்து பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியைத் தனியே கழற்றி வேறு கணினியில் படிக்கலாம். பலகையிலேயே சில்லுகளைப் பற்றவைத்த மெல்லிய மாடல்களில் அந்த வழி இல்லை, வெளியே ஒரு நகல் இல்லாமல் அவற்றில் முக்கிய வேலை வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கை இருந்தால், 2015 டிசம்பரில் சென்னை பார்த்தது போல, சுவர் பிளக் உயரத்துக்கு நீர் வருமுன் மெயினை அணைக்க வேண்டும். நீர் ஏறிய பிறகு, கணினியைக் காப்பாற்ற அந்த அறைக்குள் இறங்கவே கூடாது. தகவல் எவ்வளவு அரியதானாலும் சரி.

கோப்புகள் கண்ணெதிரே பூட்டப்பட்டு, பணம் கேட்டுத் திரையில் மிரட்டல் வந்தால் முதலில் செய்ய வேண்டியது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா தரும் அறிவுரையும் அதுதான். பூட்டிய நிரலின் தடயங்கள் நினைவகத்தில் இருக்கக்கூடும், அணைத்தால் அவை போய்விடும். நெட்வொர்க்கைத் துண்டிக்க வழியே இல்லாதபோதுதான் அணைப்பது.

மின்சாரம் திரும்பும் நேரமும் ஆபத்தானது. 2017 மே 27 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தரவு மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு 75,000 பயணிகள் தவித்தார்கள். துண்டிப்பைவிட, கட்டுப்பாடின்றி அதைத் திரும்ப இணைத்தபோது எழுந்த மின்னெழுச்சிதான் பெரும் சேதத்தை உண்டாக்கியது என்று தாய் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி வில்லி வால்ஷ் சொன்னார். வீட்டிலும் கரண்ட் வந்த உடனே ஆன் செய்யாமல் ஐந்து பத்து நிமிடம் விட்டுப் பார்ப்பது நல்லது, வந்த கரண்ட் மறுபடி போவது நமக்குப் புதிதில்லை.

முதல் தொடக்கத்தில் வட்டுச் சோதனை ஓடினால் இடையில் நிறுத்தாதீர்கள். ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தால் அந்தச் சோதனையே நடக்கக் கூடாது. பழுதான முனையைத் தட்டு முழுவதும் ஓட்டுவது மிஞ்சியிருப்பதையும் சுரண்டிவிடும். உடனே அணைத்துவிட்டு மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக எழுந்து, வேர்டோ லிப்ரே ஆஃபிஸோ மீட்கப்பட்ட ஒரு பிரதியைக் காட்டினால், அதைப் பழைய கோப்பின் மேலேயே சேவ் செய்யாமல் வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கடைசிப் பக்கங்களைப் படித்துப் பார்த்த பிறகு எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யலாம்.